மடித்து வைத்த தனியாவர்த்தனம்

"போன மார்கழியில, இதே ஹால்ல, தனியாவர்த்தனம் தொடங்கி முடியற வரைக்கும் ஒருத்தர் எழுந்து வெளியே போகலை. ஒரே ஒருத்தர்கூட!" என்றார் பஞ்சாபகேசன்.

நங்கநல்லூர் நாதவல்லி சபாவின் கேன்டீனில் சட்டென்று பேச்சு அடங்கியது. தேங்காய்ச் சட்னியைச் சுற்றிக்கொண்டிருந்த ஈகூடப் பறப்பதை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தது. நேற்று சாயங்காலம் நிலாவுக்குப் போய் இரண்டு ரவா தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று அவர் சொல்லியிருந்தால், "சாம்பார் எப்படி?" என்று கேட்டிருப்பார்கள். இதை எப்படி நம்புவது? பாடகரும் வயலின்காரரும் ஓய்ந்து உட்கார, மிருதங்கம் மட்டும் தனியே பேசுகிற அந்தப் பதினைந்து நிமிஷம் எதற்காக ஏற்பட்டது? காபிக்காக. அந்த நேரத்தில் எழுந்து போகாத ரசிகர் உண்டென்றால் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர் மிருதங்கக்காரரின் தாயாராக இருக்க வேண்டும்.

"பஞ்சு சார்," என்று அடுப்பு மேடையிலிருந்து குரல் வந்தது. கேன்டீன் காண்ட்ராக்டர் மணவாளன். எலுமிச்சம்பழத்தை உருளாமல் நிறுத்தி வைக்கலாம் போன்ற மீசை அவருடையது. "நான் கரண்டியால அளக்கிறவன். நீங்க வாயாலயே அளக்கிறீங்க. அன்னிக்கும் வழக்கம்போல ஜனம் வந்துது. வழக்கம்போல போண்டா தீந்துது. எழுதிக்கூட வாங்கிக்குங்க."

பஞ்சாபகேசன் காபியை ஆற்றிக்கொண்டே மணவாளனின் மீசையை மட்டும் ஒரு தரம் ஆசையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்கு ஒரு கதை இருந்தது.

பஞ்சாபகேசன் தொலைபேசி இலாகாவில் காது தேய்ந்து ஓய்வு பெற்றவர். தேய்ந்தது என்றால் கத்தி தேய்வதுபோல, கூர்மையாகத் தேய்ந்தது. டயல் டோனைக் கேட்டே திருச்சியில் மழையா வெயிலா என்று சொல்லிவிடுவார். பக்கத்துத் தெருவில் எறும்பு தும்மினால் "ஜலதோஷம் போலிருக்கு" என்பார். அப்பேர்ப்பட்ட காதுக்குத் தீனி போட அவர் வீட்டுக் கூடத்தில், நெட்டிலிருந்து பாட்டை வாங்கிப் பாடும் ஒரு ஸ்ட்ரீமர் பெட்டி இருந்தது. யார் வந்தாலும் அதன் முன்னால் நிறுத்தி, "இருபத்துநாலு பிட், நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸ்" என்பார், பெரியவர்களை நமஸ்கரிக்கும்போது கோத்திரம் சொல்கிற பக்தியோடு.

அப்போதுதான் சாரம் வந்தது.

சாரம் என்பது ஒலிக்கோப்புகளில் ஒரு புது வகை. அதுவரை வந்தவை எல்லாம் சத்தத்தைச் சுருக்கின. சாரம் கேட்பவரைப் படித்தது. பாட்டு ஓடும்போது ஸ்ட்ரீமர் உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எங்கே நாற்காலியின் நுனிக்கு வருகிறீர்கள், எங்கே கொட்டாவி விடுகிறீர்கள், எங்கே எழுந்து போகிறீர்கள், எல்லாம் அதற்குத் தெரியும். ஆயிரக்கணக்கான வீடுகளில் அறிந்ததைச் சேர்த்து, மக்கள் லயித்த இடத்தை மயிரிழை குறையாமல் வைத்துக்கொள்ளும். லயிக்காத இடத்தை இளைக்கவைக்கும். கோப்பு கைக்குட்டை அளவு. பாட்டோ பாடகரின் மூச்சு காதில் படுகிற துல்லியம்.

முதலில் எல்லோரும் கொண்டாடினார்கள். இருமல்கள் மறைந்தன. நன்றியுரைகள் மறைந்தன. ஒரு மந்திரி பாலம் திறந்து வைத்துப் பேசிய முழுப் பேச்சும் சாரத்தில் "வணக்கம்", "நன்றி" என்று இரண்டே சொல்லாக வந்து, அவருடைய பேச்சுகளிலேயே அதிகம் கேட்கப்பட்டதாக ஆயிற்று. பஞ்சாபகேசனின் பழைய பெட்டிக்குச் சாரம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்க, அன்றே புதுப் பெட்டி வந்து இறங்கியது. பழையது துண்டு போர்த்திக்கொண்டு அலமாரியின் மேல் ஏறியது.

தனியாவர்த்தனங்கள் இளைக்கத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காததால்தானே இளைத்தன! பதினைந்து நிமிஷம் ஐந்தாயிற்று. ஐந்து ஒன்றாயிற்று. கடைசியில் "தகதிமி" என்று ஒரு தட்டு, உடனே முத்தாய்ப்பாகத் தீர்மானம், உடனே பாட்டு. பாடகர்கள் விவேகிகள். கோப்பில் நிற்காததற்கு மேடையில் எதற்கு நேரம் என்று கச்சேரியிலும் தனியை விட்டுவிட்டார்கள். இரண்டு மார்கழி இப்படிப் போயிற்று. சங்கீதத்துக்கு நஷ்டமோ இல்லையோ, போண்டாவுக்குப் பெரிய நஷ்டம். ஜனம் கலைந்து வர ஒரு வேளையே இல்லாமல் மணவாளன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

பஞ்சாபகேசன் வீட்டில் இன்னொரு நஷ்டம் இருந்தது. அவருடைய மருமகள் நீலாயதாட்சி மிருதங்கம் வாசிக்கிறவள். நாகப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி வைத்திருந்தவரின் பெண். ஐஸ் உடைக்கிற மெஷினுக்கு எதிர்த்தாளம் போட்டே வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளாமல் ஒரு வேளை சாப்பிட்டதில்லை.

போன வருஷம் மே மாதம் புதுப் பெட்டி, அப்டேட் வருகிறது என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. பஞ்சாபகேசனுக்குப் பாட்டில்லாமல் டிபன் இறங்காது. பழைய பெட்டியைத் தூசி தட்டி இறக்கி, அதிலேயே நாதவல்லி சபாவின் பழைய கச்சேரி ஒன்றின் சாரக் கோப்பை ஓடவிட்டார். பாட்டு என்னவோ வந்தது, துணி போட்டு மூடினாற்போல. அதற்கு அடியில் சடசடவென்று இன்னொரு சத்தம்.

"நீலா! மழை! மாடியில வடாம்!" என்று அலறினார்.

நீலா மாடிப்படிகளை நாலு நாலாகத் தாண்டினாள். மேலே மே மாதத்து வெயில், காக்காய் நிழல் தேடும் வெயில். வடாம் உலர்ந்து மொறுமொறுவென்று சிரித்தது. துணியோடு வாரிக்கொண்டு கீழே வந்தாள்.

"எங்க மாமா மழை? உங்க காதுக்கு மட்டும் தனியா பெய்யுதா?"

"இதோ பாரு, பெட்டியில."

நீலா வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வடாம் துணியைக் கீழே வைத்தாள். விரல்கள் அவளை அறியாமல் தொடையில் ஓடின.

"மாமா, இது மழை இல்ல. இது நான்."

"என்னது?"

"கடைசியா தனி வாசிச்சேன்ல, கண்ட நடை? அதுதான். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நசுக்கி வச்சிருக்கான். பதினஞ்சு நிமிஷத்தையும் ஒரே மூச்சுல கொட்டுனா இப்படித்தான் கேக்கும்." அவள் திரும்பினாள். "நீங்க அன்னிக்கு ஹால்ல இருந்தீங்களே. ஞாபகம் வரலையா?"

"இருந்தேனே! முன் வரிசை!"

"முன் வரிசையிலதான் இருந்தீங்க. மிருதங்கத்துல கைய வச்சதும் எழுந்துட்டீங்க. மேடையிலேர்ந்து எனக்கு முதுகுதான் மாமா தெரியும். நங்கநல்லூர்ல அத்தனை பேரையும் முதுகை வச்சே பேர் சொல்லுவேன். உங்க சட்டைல இடது தோள்ல ஒரு தையல் விட்டிருந்துச்சு."

பஞ்சாபகேசன், பதில் இல்லாதபோது மனிதர் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"கோப்பில் குறை எதுவும் இல்லை சார்," என்றது ஒரு குரல். பெண்ணா, மெஷினா என்று அவர் காதாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. "நேயர்கள் எழுந்து போகிற பகுதியைச் சாரம் அழிக்காது. மடித்துவிடும்."

"மடிச்சு? எங்கே வைக்கும்?"

"இரைச்சலுக்கு அடியில். புதுப் பெட்டிகளுக்கு அதை ஒதுக்கத் தெரியும். உங்களுடையது பழைய பெட்டி, மடிப்பு தெரியாமல் அப்படியே கொட்டுகிறது."

"யார் மடிக்கச் சொன்னா?"

"நீங்கள்தான் சார். நேயர்கள்."

"நான் காபி குடிக்கத்தானே எழுந்தேன்! வேண்டாம்னா சொன்னேன்?"

"சாரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார்."

பஞ்சாபகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, மடிச்சதை விரிக்க வழி உண்டா?"

"உண்டு. ஒரு ஹால் நிறைய ஆட்கள் ஒரு தனியை எழுந்திருக்காமல் கேட்டால் போதும். சபாக்களில் எங்கள் கேமரா காலி நாற்காலியை எண்ணுகிறது. எல்லாம் நிரம்பியிருந்தால் சாரம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டு தானாக விரிந்துவிடும்." குரல் கொஞ்சம் தயங்கியது. "இதுவரை விரிந்ததில்லை சார்."

மாமனார் இதை வெற்றிச் செய்தியாகக் கொண்டுவந்து சொன்னபோது, நீலா வடாத்தை டப்பாவில் போட்டுக்கொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்னம்மா?"

"சபா செக்ரட்டரி கூப்பிட்டுப் பேசினார் மாமா. ஒவ்வொரு கச்சேரிக்கும் சாரம் ஒரு கோடு போட்டுக் குடுக்குது இல்ல, யார் வாசிக்கிறப்ப ஜனம் கேக்குதுன்னு? மிருதங்கத்துக்குக் கோடு தரையோட தரையா கிடக்காம். அடுத்த வருஷத்திலேர்ந்து மெஷின் வச்சுக்கறாங்களாம். தாளம் தப்பாது, டிபன் கேக்காதுன்னார். வர்ற மார்கழியில எனக்கு ஒரே ஒரு கச்சேரி. அதுதான் கடைசி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? தம்பி ஐஸ் கம்பெனிக்கு ஆள் தேடிட்டிருக்கான். மெஷின் தாளத்துக்கே திரும்பிப் போயிடறேன்."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் டப்பாவின் மூடியை மூடின கையை அப்படியே அதன் மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அன்றிலிருந்து பஞ்சாபகேசன் போர்க்கோலம் பூண்டார். ஹால் கதவுக்குப் பூட்டுப் போடலாமா என்று யோசித்தார். நாற்காலிகளில் பலாப்பிசின் தடவலாமா என்றும் யோசித்தார். கடைசியில் மணவாளனிடமே போய் நின்றார்.

"அன்னிக்கு மட்டும் தனி முடியற வரைக்கும் அடுப்பை அணைச்சு வைய்யா. வாசனை உள்ளே வராம இருந்தா ஜனம் உக்காரும்."

மணவாளன் வயிறு குலுங்கச் சிரித்தார். "ரெண்டு வருஷமா தனி எப்ப வரும்னு தவம் கிடக்கிறவன் நான். அது வர்ற அன்னிக்கு அடுப்பை அணைக்கவா? நல்லா இருக்கு சார். பூமி சுத்துறது நின்னாலும் நிக்கும், தனிக்கு நம்ம ஜனம் எழுந்திருக்கிறது நிக்காது. அப்படி ஹால் முழுக்க உக்காந்துட்டா இந்த மீசைல பாதியை எடுத்துடறேன். போங்க!"

மார்கழி வந்தது. நீலா பாடகர் அனந்தசயனத்திடம் நேரே போய்க் கேட்டாள்.

"அண்ணா, எனக்கு ஒரு தனி விடணும்."

நல்ல மனுஷர். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ரெண்டு நிமிஷம்மா. அதுக்கு மேல போனா, அடுத்த பாட்டை நான் நாற்காலிக்குத்தான் பாடணும்."

கச்சேரி அன்று பஞ்சாபகேசன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், இடையில் எழும்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? முன் வரிசையில் ஓர நாற்காலியைப் பிடித்து, குடையை நடைபாதையில் குறுக்கே நீட்டி, காவல் தெய்வம்போல் உட்கார்ந்தார். மேலே கேமராவின் பச்சைக் கண் மினுக்கியது. மெயின் பாட்டு முடிந்து அனந்தசயனம் நீலாவைப் பார்த்துத் தலையசைத்ததும், பஞ்சாபகேசன் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

ஒரு செருப்புச் சத்தமும் இல்லை.

ஒரு கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தார். ஹால் உட்கார்ந்திருந்தது. பால்கனி உட்கார்ந்திருந்தது. எந்தக் கச்சேரியிலும் முதல் ஆளாக எழுகிற போஸ்ட் மாஸ்டர்கூட உட்கார்ந்திருந்தார். பஞ்சாபகேசனுக்கே நம்பிக்கை வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார்.

"சார், நீங்க எழுந்திருக்கலையா?"

"எதுக்கு சார்? இதோ முடிஞ்சுடும். வீட்டுப் பெட்டியில தகதிமின்னு ஒரு தட்டு, அவ்ளோதானே? எழுந்து செருப்பைத் தேடறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துடும்."

பஞ்சாபகேசன் சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டார். அடடா! தனியை மடித்து மடித்து வைத்த சாரம், எழுந்து ஓடுகிற பழக்கத்தையும் சேர்த்து மடித்துவிட்டதே! இரண்டு வருஷமாக நங்கநல்லூரே "இதோ முடிஞ்சுடும்" என்று உட்காரப் பழகியிருந்தது.

ஆனால் முடியவில்லை. நீலா அவசரமே படாமல் ஆரம்பித்தாள். ஒரு சொட்டு. அப்புறம் நிசப்தம். மறுபடி ஒரு சொட்டு, வேறொரு இடத்தில். மாடித் தரையில் முதல் தூறல் விழுகிற மாதிரி. பழைய பெட்டி கொட்டிய அதே மழை. அங்கே நசுங்கிக் கிடந்ததை இவள் மடிப்பு மடிப்பாகப் பிரித்து உதறினாள். தூறல் வலுத்தது. சொற்கள் ஒன்றை ஒன்று துரத்தின. மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியின் கனத்த ஓசை தூரத்து இடியாக உருண்டது. மூன்றாம் வரிசையில் ஒரு அம்மாள் புடவைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டு நிமிஷம் எப்போதோ போய்விட்டது. "இதோ முடிஞ்சுடும்" என்றிருந்தவர்கள் இப்போது முடிந்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்தார்கள். அனந்தசயனம் தாளம் போடும் கையோடு வாயைப் பிளந்துகொண்டிருந்தார். தீர்மானம் மூன்று முறை வந்து விழுந்தபோது ஹால் எழுப்பிய கரகோஷத்தில் மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு இறங்கியது.

மறுநாள் காலை சாரம் விரிந்தது. நீலாவின் தனி மட்டுமா? எல்லோருடைய தனிகளும். வீட்டுக்கு வீடு மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் பொங்கி வழிந்தன. போன்களில் இடம் போதாமல் கல்யாண வீடியோக்கள் வெளியே தள்ளப்பட்டன. உற்சாகத்தில் சாரம் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டு மந்திரியின் பேச்சையும் சேர்த்து விரித்துவிட்டது. அதற்கு மட்டும் இன்றுவரை யாரும் பொறுப்பேற்கவில்லை. செக்ரட்டரி மெஷினைத் திருப்பி அனுப்பினார். ஐஸ் கம்பெனி வேறு ஆள் தேடிக்கொண்டது.

ஆனால் பழக்கம் பொல்லாதது. தனிகள் விரிந்த சில வாரத்திலேயே ஜனம் பழையபடி எழத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்த வருஷம் அந்த மாலையைப் பற்றிப் பேசினால் யாரும் நம்புவதாயில்லை. அன்று உட்கார்ந்திருந்தவர்களே, "நாம எழுந்து காபி குடிச்ச மாதிரிதானே ஞாபகம்" என்றார்கள்.

"பாத்தீங்களா சார்?" கேன்டீனில் மணவாளன் மீசையை முறுக்கினார். "உக்காந்திருந்தவங்களே இல்லேங்கறாங்க."

அப்போது நீலா உள்ளே வந்தாள். அன்றைய கச்சேரிக்கு இன்னும் நேரம் இருந்தது. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, ஒரு காபி. சக்கரை கம்மியா," என்றாள்.

"வாம்மா. நீயாவது சொல்லு உங்க மாமாவுக்கு. அன்னிக்கு ஜனம் இங்க வந்துதா இல்லையா?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் மேடைல இருந்தேன். எனக்கு முதுகுதான் தெரியும்." நீலா தம்ளரை வாங்கிக்கொண்டாள். "அன்னிக்குத்தான் ஒரு முதுகுகூடத் தெரியலை. எல்லாம் முகமா இருந்துச்சு. எனக்கே கூச்சமாப் போச்சு. அதுல ஒரு முகம் மட்டும் வாசக்கதவுல சாஞ்சு நின்னுட்டிருந்துச்சு. கைல ஜல்லிக்கரண்டி. கண்ணுல தண்ணி வேற."

மணவாளன் எண்ணெய்ச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏன்யா," என்றார் பஞ்சாபகேசன் மெதுவாக, "நீ கதவுல நின்னா, இங்கே வந்த ஜனத்துக்குப் போண்டா போட்டது யாரு?"

"கண்ணுல தண்ணி புகையால வந்தது சார்."

"புகை எதுலேர்ந்து?"

கேன்டீன் முழுக்கக் காது கொடுத்தது. மணவாளன் ஒரு போண்டாவைத் திருப்பிப் போட்டார். அது முன்பே திருப்பியாகிவிட்டது. மறுபடி திருப்பினார். மீசைக்குப் போன கை பாதி வழியில் நின்று இறங்கியது.

"போண்டா கருகிடுச்சு சார்," என்றார். "மிருதங்கம் தனியா கேட்டதும் ஒரு ஈடு போட்டேன். யாரையும் காணோம். என்னடா இதுன்னு எட்டிப் பாக்கத்தான் வந்தேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "முப்பது வருஷமா இந்த ஹாலுக்கு வெளிய நிக்கிறேன். தனின்னா எனக்குச் செருப்புச் சத்தம்தான். அது இப்படி இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலையேம்மா."

நீலா தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நடந்துது சார். ஹால் முழுக்க உக்காந்துதான் இருந்தாங்க. நான் ஒருத்தன்தான் நின்னுட்டிருந்தேன்."